கடலுக்குப் பசளை எறியிற கமக்காரர்

கையெழுத்துத்தானே மோனை, வைச்சால் போச்சு. பேனையைத் தந்திட்டு அந்த விறாந்தையிலை இரு. மகஜரை வாசிக்காமல் வைக்க நான் என்ன மந்திரியே? கண்ணாடியை எடுக்கிறன், பொறு.

"வேலணை வயல்வெளியில் மழைக்காலத்தில் தேங்கும் வெள்ளத்தை உடனடியாகக் கடலில் சேர்க்கும் வகையில், இருபுறமும் அடியும் கொங்கிறீற் இட்ட நேரான வாய்க்கால் ஒன்றை அமைத்துத் தருமாறு..." நல்ல தமிழ். படிச்ச பிள்ளையெண்டு தெரியுது. ஒரு இடத்திலை மாத்திரம் கொஞ்சம் கூட்டி எழுதினால் இன்னும் வடிவாயிருக்கும்: "வெள்ளத்தையும், அதோடு போகும் எங்கள் மண்ணையும், கடன்பட்டு வாங்கிய பசளையையும் உடனடியாகக் கடலில் சேர்க்கும் வகையில்." அப்பதான் திட்டத்தின்ரை முழுப் பலனும் மேலிடத்துக்கு விளங்கும்.

சிரியாதை. உங்கடை காலத்துக் கமக்காரர் தர்மவான்கள் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். வயலுக்குப் பசளை எறியிறவனை உலகத்திலை எங்கையும் காணலாம். கடலுக்கு எறியிறவன் தீவுப்பகுதியிலைதான் இருக்கிறான். அதிலையும் என்ன நேரம் பாத்து எறியிறியள்! ஐப்பசி பிறந்து, றேடியோவிலை "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" எண்டு அந்தப் பிள்ளை வாய் மூட முந்தி, நீங்கள் யூரியாப் பையோடை வரம்பிலை நிக்கிறியள். ஏனடா எண்டு கேட்டால், "மழையோடை நல்லாய்க் கரையும் அப்பு" எண்டு மறுமொழி. கரையுந்தான். ஆர் இல்லையெண்டது? பின்னேரம் எறிஞ்சு, இரவு மழை கொட்டி, விடியக் காலமை வயல் நிரம்பி வழிய, மண்வெட்டியோடை ஓடிப்போய் வரம்பை வெட்டி விடுறியள். பயிர் அந்த யூரியாவைக் கண்டுதோ இல்லையோ தெரியாது. பரவைக்கடல் கண்டுபோட்டுது.

கணக்கொண்டு சொல்லுறன், நீ படிச்சனீதானே, பிழையெண்டால் திருத்து. ஒரு அந்தர் யூரியா, 50 கிலோ. அதிலை நைதரசன் 46 வீதம். அப்ப 23 கிலோ. குடிக்கிற தண்ணியிலை நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலை இருக்கக்கூடாதெண்டு உலக சுகாதார நிறுவனம் எல்லை போட்டிருக்கு. நைதரசனாய்ப் பாத்தால் அது 11 மில்லிகிராம் சொச்சம். அந்த 23 கிலோவும் நைத்திரேற்றாய் மாறித் தண்ணிக்குள்ளை போச்செண்டு வை, ஏறத்தாழ 20 லட்சம் லீற்றர் தண்ணியை அந்த எல்லையிலை கொண்டுபோய் நிப்பாட்டும். 10,000 லீற்றர் பவுசரிலை 200 பவுசர். பவுசர் ஒருநாள் பிந்தினால் ஒழுங்கையிலை வாளி வரிசையும் வாய்ச் சண்டையும் எப்பிடியிருக்கும் எண்டு உனக்குத் தெரியும். ஒரு பை வேலை அது, மோனை. நீ எத்தினை பை எறிஞ்சனீ எண்டு நான் கேக்கேல்லை.

முந்தி மானியத்திலை நெல்லுக்கு ஒரு பை 350 ரூபாவுக்குத் தந்தவை. 2005 இலை தொடங்கின விலை அது. அந்த விலைக்கு ஆர்தான் அளந்து போடுவான்? கை வீச்சுக்கு எறிஞ்சம். பிறகு 2021 மே மாதம் இரசாயனப் பசளையே வேண்டாமெண்டு ஒரே இரவிலை மறிச்சினம். நவம்பரிலை அது பிழைச்சுப்போச்செண்டு திறந்துவிட்டினம். அடுத்த வருசம் நெல்லுக்கு அரசாங்க விலையிலையே ஒரு பை யூரியா 10,000 ரூபா. வெளியிலை வித்தவன் சொன்ன விலையை நான் வாயாலை சொல்லமாட்டன், நெஞ்சு அடைக்கும். அந்தக் காலத்திலைதான் எங்கடை பரவைக்கடல் கொஞ்சம் பட்டினி கிடந்தது. இப்ப திரும்பவும் சாப்பாடு போகுது.

"உங்கடை காலத்திலை எல்லாம் இயற்கைதானே அப்பு" எண்டு என்னைக் குளிப்பாட்டாதை. நாங்கள் குழை தாட்டது உண்மை. பூவரசங் குழை, பனையோலை, கடற்கரையிலை ஒதுங்கிற சாதாழை, பட்டி அடைச்ச மாட்டெரு, எல்லாம் போட்டம். எருக் கும்பியை வாய்க்கால் கரையிலை குவிச்சு வைச்சுப்போட்டு மழை வரப் பாத்துக்கொண்டு இருந்த சோம்பேறியளும் எங்களுக்குள்ளை இருந்தவை. எருத் தண்ணி வாய்க்காலிலை இறங்கினால், "இது இயற்கைப் பசளை" எண்டு கிணறு விட்டுக்குடுக்காது. வித்தியாசம் என்னெண்டால், எங்களிட்டைத் துலா இருந்தது. துலா மிதிச்சு இறைக்கிறவன் தண்ணியை வீணாக்கமாட்டான். ஞானம் இல்லை, கால் நோகும்.

சரி, வாய்க்காலுக்கு வருவம். இப்ப கிடக்கிற மண் வாய்க்காலிலை உனக்கு என்ன குறை? புல்லு மண்டிக் கிடக்கு, வளைஞ்சு வளைஞ்சு போகுது, தண்ணி ஆறுதலாய்ப் போகுது. மூண்டும் குறையெண்டு இதிலை எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த மூண்டும்தான் அதின்ரை சீர்வரிசை.

வருசாவருசம் புரட்டாதியிலை ஆரோ ஒரு பெக்கோவைக் கொண்டருவினம். காசு ஒதுக்கீடு அப்பதான் வருமாம். அவன் வந்து ஒரு புல்லு மிச்சம் விடாமல் இரண்டு கரையையும் சிரைச்சு, அடியைத் தோண்டி, மண்ணை எடுத்துக் கரையிலையே குவிச்சுப்போட்டுப் போவான். பாக்க வடிவுதான், படமும் எடுப்பியள். மூண்டு கிழமையாலை மழை. குவிச்ச மண் திரும்ப வாய்க்காலுக்குள்ளை, சிரைச்ச கரை இடிஞ்சு வாய்க்காலுக்குள்ளை, எல்லாம் சேர்ந்து கடலுக்குள்ளை. அடுத்த புரட்டாதிக்குப் பெக்கோக்காரனுக்கு வேலை ரெடி. உலகத்திலை ஓயாத தொழில் வேணுமெண்டால் பிள்ளையை அதுக்கு விடு.

பழைய எஞ்சினியர்மார் ஒரு கணக்கு வைச்சிருக்கினம். தண்ணியின்ரை வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின்ரை நிறை 64 மடங்காகும். இரண்டை ஆறுதரம் பெருக்கிப் பார். நீ கேக்கிற நேர் வாய்க்கால், கொங்கிறீற் வாய்க்கால், தண்ணியின்ரை வேகத்தை எத்தினை மடங்காக்கும் எண்டு ஆரும் அளந்தவையோ? அது போய் விழுகிற இடத்திலை, கொங்கிறீற் முடியிற இடத்திலை, கரை கிடங்கு விழும். கிடங்கு விழுந்த பிறகு இன்னொரு மகஜரோடை வருவாய். அப்பவும் கையெழுத்து வைக்க நான் இருக்கவேணுமே!

இதிலை எனக்கு விளங்காத புதினம் ஒண்டிருக்கு. எங்கடை ஆக்கள் எல்லைக் கதியால் ஒரு சாண் அங்காலை தள்ளி நிண்டதுக்கு ஊர்காவற்றுறைக் கோட்டிலை பத்து வருசம் வழக்காடுவினம். தகப்பன் போட்ட வழக்கை மோன் முடிப்பான், இல்லை அவனும் முடிக்கான், பேரன் கனடாவிலை இருந்து சட்டத்தரணிக்குக் காசு அனுப்புவான். அந்த ஒரு சாணுக்கு. அதே ஆளின்ரை தறையிலை இருந்து மாரிக்கு மாரி மேல்மண் வண்டில் கணக்கிலை வாய்க்காலாலை போகுது. அதைப் பாத்து, "வாய்க்கால் நல்லாய் ஓடுது" எண்டு சந்தோசம். கடல்மேலை வழக்குப் போட ஏலாதெண்ட கவலைதானோ என்னவோ.

நம்பாட்டில் ஒரு வேலை செய். முதல் வெள்ளம் வாய்க்காலிலை வரேக்கை ஒரு வெறும் போத்திலைக் கொண்டுபோய் மொண்டு வா. போத்தில் எப்பிடி வெறுமையானதெண்டு நான் விசாரிக்கேல்லை. வீட்டிலை அசையாமல் வை. மணல் நீ மூடி திருக முந்தியே அடியிலை கிடக்கும். வண்டல் ஆறுதலாய் இறங்கும். களியின்ரை மெல்லிய துகள் கிடக்கே, அது ஆடாத தண்ணியிலையே 10 சென்ரிமீற்றர் இறங்க 8 மணித்தியாலம் போகும். இரவு படுக்கேக்கை வைச்சியெண்டால் விடிய எழும்பிப் பாக்கலாம், அடியிலை ஒரு விரல்கடை மண். அது உன்ரை தோட்டத்தின்ரை மேல்தோல். பொசுபரசுப் பசளை அனேகமாய் அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் போகும். மண்ணை மறிச்சால் அதுவும் மறிபடும்.

மேலை தண்ணி தெளிஞ்சு நிக்கிறதைப் பாத்து ஏமாறாதை. பெரிய கள்ளன் அதுக்குள்ளைதான் நிக்கிறான். நைத்திரேற்று ஒண்டையும் கட்டிப்பிடியாது, அடியிலையும் இறங்காது. நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைச்சால் போகுமெண்டு உன்ரை மாமி சொல்லுவா. கொதிக்கவைச்சால் தண்ணிதான் வத்தும், நைத்திரேற்று முந்தியிலும் கூடத் தடிப்பாய் நிக்கும். பால்மா கரைச்சுக் குடுக்கிற பச்சைக் குழந்தைக்கு அது கூடினால் இரத்தத்திலை ஒட்சிசன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளிலை இது கூடக் கிடக்கெண்டு 1983 இலையே ஆராய்ச்சிக் கட்டுரை வந்திட்டுது. நீ பிறக்கேல்லை. நான் அப்ப அதை வாசிக்கேல்லை, வெங்காயத்துக்கு யூரியா போட்டுக்கொண்டு நிண்டனான்.

தீவுக்கு அந்தக் கதை எதுக்கு, எங்களுக்கு உப்புத்தானே பிரச்சினை எண்டு சொல்லப்போறாய். சரிதான், எங்களுக்கு முதல் எதிரி உப்பு. ஆனால் வலிகாமத்து வெள்ளம் எங்கை போகுது? வழுக்கையாறு தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்திலை வெளிக்கிட்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய் எண்டு வயலும் தோட்டமும் குளமுமாய் நனைச்சு, அராலியிலை வந்து கடலேரியிலை விழும். குடாநாட்டுக்கு இருக்கிற ஒரே ஆறு அது. மாரியிலை மாத்திரம் ஓடும், அதாலை என்ரை கண்ணுக்கு அது ஒரு பெரிய வடிகால் வாய்க்கால்தான். அராலிக்கு நேர் எதிரை ஆர் இருக்கிறது? நாங்கள்தான். அந்தப் பக்கத்துக்காரர் ஊத்திறதும் நாங்கள் ஊத்திறதும் ஒரே சட்டிக்குள்ளை. பரவைக்கடல் ஆழமில்லாத கடல், கனக்கத் தண்ணி மாறாது. பசளை கூடினால் பாசி மண்டும், பாசி செத்து அழுகேக்கை தண்ணியிலை இருக்கிற ஒட்சிசனைக் குடிச்சுப்போடும், சேறு கூடினால் சாதாழைக்கு வெளிச்சம் படாது. சாதாழை போனால் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் எங்கை ஒளிக்கும்? உன்ரை மச்சான் களங்கண்டி கட்டிறவன்தானே, அவனிட்டைக் கேள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டிலை பெண் எடுத்தும் இதை ஒருநாளும் கதைக்கேல்லைப் போலை.

பெரிய ஊர்க்காரருக்கும் இது வந்ததுதான். உன்ரை அக்கா ரொறன்ரோவிலை இருக்கிறா. அவைக்கு மேலை ஈரி எண்டொரு ஏரி கிடக்கு, அதின்ரை தண்ணி நயாகராவாலை விழுந்து ஒன்ராறியோ ஏரிக்கு வருகுது. அந்த ஈரி ஏரிக்கரையிலை, அமெரிக்கப் பக்கம், தொலீடோ எண்ட பட்டினத்திலை 2014 ஓகஸ்ட்டிலை 4 லட்சம் பேருக்கு மேலை குழாய்த் தண்ணியைக் குடிக்கவேண்டாமெண்டு அறிவிச்சினம். தண்ணியிலை நீலப்பச்சைப் பாசி நஞ்சு. அதுக்குப் பெருஞ்சாப்பாடு போட்டது மோமி ஆத்தாலை வந்த வயல் பசளை, முக்கியமாய்ப் பொசுபரசு. அங்கையும் கமக்காரர் தண்ணி கெதியாய் வடியவேணுமெண்டு வயலுக்குக் கீழை குழாய் தாட்டு, நேர் நேராய் வாய்க்கால் வெட்டி வைச்சவை. இப்ப அதே வாய்க்காலுக்குள்ளை இரண்டு பக்கமும் படிக்கட்டு வெட்டிப் புல்லு வளத்து, தண்ணியை ஆறுதலாய்ப் போ எண்டு கெஞ்சினம்.

ஒல்லாந்தரைக் கேளன். 1658 இலை வந்து 1795 வரை இஞ்சை இருந்து, ஊர் ஞாபகத்திலை எங்கடை தீவுகளுக்குப் பேர் வைச்சிட்டுப் போனவை. நெடுந்தீவு டெல்வ்ற், நயினாதீவு ஹார்லெம், நீயும் நானும் இருக்கிற இந்தத் தீவு லைடன். உந்தப் பேருகளுக்குச் சொந்தக்கார ஊருகள் எல்லாம் வாய்க்காலாலை பின்னின ஊருகள். வாய்க்கால் வெட்டிறதிலை அவையை மிஞ்ச ஆளில்லை, கடலையே இறைச்சு நிலமாக்கினவை. இப்ப அவையளுக்கே மாட்டெருவும் பசளையும் கூடி, வாய்க்கால் முழுக்கப் பச்சை மூடிக் கிடக்கு. 2019 இலை நைதரசன் கட்டுப்பாட்டைப் பற்றி அவையின்ரை அதியுயர் நிர்வாக நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்ல, கமக்காரர் உழவு மெசினோடை தெருவுக்கு இறங்கினவை. 2023 இலை இருந்து வாய்க்கால் கரையோரம் பசளை போடாத ஒரு துண்டு விடவேணுமெண்டும் சட்டம். நானூறு வருசம் வாய்க்கால் வெட்டினவன் கரையிலை புல்லு விடப் பழகிறான். லைடன்காரர் நாங்கள் இருக்கிற புல்லையும் புடுங்கக் கையெழுத்து எடுக்கிறம்.

இன்னொரு பகிடி கேள். எங்கடை தீவுகளிலை நல்ல தண்ணி எண்டது, கீழை கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேலை பாலிலை ஆடை நிக்கிறமாதிரி மிதக்கிற ஒரு படை. கடல் மட்டத்துக்கு மேலை ஒரு அடி நல்ல தண்ணி நிண்டால், கீழை ஏறத்தாழ 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைச்சிருக்கும். பொறியியற் புத்தகத்திலை இருக்கிற கணக்கு. மேலை அரை அடி குறைஞ்சால் கீழை 20 அடி உப்பு ஏறும். சாட்டிக் கிணறு, நெடுந்தீவிலை சாராப்பிட்டிக் கிணறு எல்லாம் அந்த ஆடையிலைதான் சீவிக்குது. அந்த ஆடைக்கு வருசம் முழுக்க ஊத்திறது அனேகமாய் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான். அதைத்தான் நீ "உடனடியாகக் கடலில்" சேக்கக் கேக்கிறாய். சேத்துப்போட்டு, பிறகு கடலிலை இருந்து உப்பைப் பிரிச்சு எடுத்துக் குடிப்பம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அதுக்கு மெசின் இருக்கு. 2024 ஓகஸ்ட்டிலை தாளையடியிலை நாளுக்கு 24,000 கனமீற்றர் வடிக்கிற பெரிய ஆலையே திறந்தாச்சு. நான் அதைக் குறை சொல்லேல்லை, தாகத்துக்குத் தண்ணி வரட்டும். மழைத் தண்ணியைச் சும்மா கடலுக்குக் குடுத்துக் கரண்டுக் காசு கட்டித் திருப்பி வேண்டிற யாவாரம் மாத்திரம் எந்தக் கடையிலை படிச்சனீங்கள் எண்டு தெரியேல்லை.

வெள்ளம் நிண்டால் பயிர் அழுகுமே எண்டு முறைக்கிறாய். அழுகும். வயலுக்கு வடிகால் வேணும், வேண்டாமெண்டு சொல்ல எனக்கு இன்னும் அறளை பெயரேல்லை. 2008 கார்த்திகையிலை நிஷாப் புயல் அடிச்ச வெள்ளத்தை ஆரும் புல்லாலை மறிக்க ஏலாது. அப்பிடியான நாளிலை எல்லாத்தையும் திறந்துவிட்டு வீட்டு முகட்டைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். நான் சொல்லுறது மிச்ச நாளை. மாரியிலை பெய்யிற மழையிலை கனக்க, சும்மா அரைநாள் பெய்து விடுகிற மழை. அந்தத் தண்ணியை அவசரப்படுத்தாதை.

பெக்கோவை வரவேண்டாமெண்டு சொல்லாதை, பாவம், அவனுக்கும் பிள்ளையள். ஆனால் புரட்டாதியிலை கூப்பிடாதை. காலபோகம் வெட்டி முடிய, பங்குனியிலை கூப்பிடு. சித்திரையிலை ஒண்டிரண்டு மழை விழும், சிரைச்ச இடத்திலை மாரிக்கு முந்தி அறுகு திரும்ப ஓடிப் பிடிச்சிடும். ஒரு வருசம் ஒரு கரை, மற்ற வருசம் மற்றக் கரை. இரண்டையும் ஒருநாளிலை மொட்டையடிக்க வாய்க்கால் என்ன நேத்தி வைச்சதோ? வெட்டின மண்ணைக் கரையிலை விடாமல் தறைக்கு ஏத்து.

வாய்க்காலிலை அங்கங்கை, வளைவுக்கு முன்னாலை, ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற நீளத்துக்கு அகலிச்சு, முழங்காலளவு ஆழமாய்க் குழி இறக்கு. ஓடிவாற தண்ணி அந்த அகலத்துக்குள்ளை வந்து மூச்சு விடும், மணலும் வண்டலும் இறங்கிடும். குழி நிரம்ப நிரம்ப அள்ளவேணும். அள்ளாத குழி ஒரு சதத்துக்கும் உதவாது. சாட்டி, மண்கும்பான் பக்கத்து மணலிலை இந்த வேலை வேண்டாம். அங்கை தேங்கிற பசளைத் தண்ணி நேரே குடிகிணத்துக்குத்தான் இறங்கும். களித்தறையிலை, கிணத்துக்கு எட்டத்திலை வெட்டு.

போத்தில் கதையிலை சொன்னமாதிரி, களியும் நைத்திரேற்றும் குழிக்கு மசியாது. அதுக்குப் புல்லும் சேறும் வேணும். வாய்க்காலின்ரை கடைசித் துண்டை, கடலுக்குக் கிட்டவுள்ளதை, அகலிச்சு விட்டு, கோரையும் புல்லும் வளர விடு. கரையிலை தாழை. இரண்டொரு நாள் தண்ணி அதுக்குள்ளை கிடக்கட்டும். காத்துப் படாத சேத்துக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத கிருமியள் இருக்கினம். அவை செத்த இலை குழையைத் தின்னேக்கை, ஒட்சிசன் கிடையாதபடியால் நைத்திரேற்றிலை இருக்கிற ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, நைதரசனை வாயுவாய் ஆகாயத்துக்கு விட்டிடுவினம். சம்பளமில்லை, ஓய்வூதியமில்லை. கொங்கிறீற் போட்டால் அவை இருக்க இடமில்லை. புல்லை வெட்டி மாட்டுக்குப் போடு. வெட்டாமல் அழுக விட்டால் அது குடிச்சதை வாய்க்காலுக்கே திருப்பிக் கக்கும். மாடு திண்டால் எருவாய் உன்ரை தறைக்கு வரும். உன்னட்டை மாடில்லையெண்டால் என்ரை பசு இரண்டுக்கும் ஆட்சேபணை இல்லை.

கடைவாயிலை, கடலைப் பாத்த பக்கம், பலகை போட்டு எடுக்கிற கதவு ஒண்டு வை. அதுக்குக் கொங்கிறீற் கேள், நான் இரண்டு கையாலையும் கையெழுத்து வைக்கிறன். மழை விட்ட பிறகு பலகையைப் போட்டால் தண்ணி உள்ளை நிக்கும், பெருவெள்ளத்துக்குக் கழட்டலாம், கோடையிலை உப்புத் தண்ணி ஏறாது. பலகையைத் திருடாமல் வைச்சிருக்க வழி கண்டுபிடிக்கிறது உங்கடை கமக்காரர் அமைப்பின்ரை பொறுப்பு. போனமுறை போட்ட பலகை ஆற்றை கோழிக்கூட்டிலை இருக்குதெண்டு எனக்குத் தெரியும், சொல்லமாட்டன்.

யூரியாவை ஒரேயடியாய் எறியாமல் பயிரின்ரை வயசைப் பாத்து மூண்டாய்ப் பிரிச்சு எறி. மழைச் செய்தி வந்தால் இரண்டு நாள் பொறு. எறிஞ்சால் நாலைஞ்சு நாள் வரம்பை வெட்டாதை. வாய்க்கால் கரையிலை இரண்டு முழம் விட்டு எறி. விவசாயப் போதனாசிரியர் ஐயாவிட்டை மண்ணைக் குடுத்துச் சோதிச்சுப்போட்டு, அவர் சொன்ன அளவைப் போடு. "அவருக்கென்ன தெரியும், புத்தகம் படிச்சவர்" எண்டு சொல்லி ஒரு பை கூட்டிப் போடுறது உங்கடை பரம்பரை வழக்கம். உன்ரை கொப்பரும் அப்பிடித்தான்.

இதெல்லாம் செய்தால் கடைசியிலை ஒரு சிக்கல் வரும், இப்பவே சொல்லி வைக்கிறன். குழியிலை சேருற வண்டல் ஆருக்கு? நல்ல கறுத்த மண், பொசுபரசு ஏறின மண், தோட்டத்துக்குத் தங்கம். குழி கிடக்கிறது உன்ரை தறைக்கரையிலை. மண் வந்தது மேலை இருக்கிற உன்ரை மாமன்ரை தறையிலை இருந்து. அந்த மனுசன் சும்மா விடுவாரெண்டு நினைக்கிறியோ? "என்ரை மண், வண்டிலைக் கொண்டா" எண்டு வந்து நிப்பார். நீ குடுக்கமாட்டாய். கோயில் கூட்டத்திலை கதை வளரும். பிறகு ஊர்காவற்றுறைக் கோடு. போடட்டும். வழக்குப் போடிறதெண்டால் எவ்வளவு மண் போனதெண்டு அவர் அளக்கவேணும், மாரிக்கு மாரி கணக்கு வைக்கவேணும், சாட்சி வேணும். பிறகு வழக்குச் செலவைப் பாத்துப்போட்டு, மண்ணைத் தன்ரை தறையிலையே மறிச்சு வைச்சால் லாபமெண்டு ஒருநாள் வரம்பை உயத்துவார். அவர் உயத்தினால் பக்கத்துக்காரர் சும்மா இருப்பினமோ? நீ முதல் குழியை மாமன்ரை எல்லைக்கு நேர் கீழை வெட்டு.